முதுகில் பெயர் எழுதிய ஏட்டம்மா

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு மழைக்கோட்டின் முதுகைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஐப்பசி மழை. ரோட்டோரம் வண்டிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஹெல்மெட் இல்லாமல் வந்த இரண்டு பையன்கள், கை காட்டிய இடத்தைத் தாண்டி கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டு போய் நின்றார்கள். ஓடப் பார்க்கவில்லை, ஈரத்தில் பிரேக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மழைக்கோட்டு மாட்டிய போலீஸ்காரர் ஒருவர் விறுவிறுவென்று வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவனின் தோளில் லத்தியால் ஓங்கி ஒன்று வைத்தார். அவன் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டான். மழை வலுத்ததும் ஜீப் வந்தது, எல்லோரும் ஏறிக்கொண்டார்கள், போய்விட்டது.

"யாருவே அது?" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

"மழைக்கோட்டு போலீஸ்" என்றார் பெஞ்சில் இருந்தவர்.

"இந்த மழைக்கு மாவட்டம் பூரா மழைக்கோட்டு போலீஸ்தான். எதுன்னு போய்ச் சொல்ல?"

"மூக்கு நீளம்."

"அப்பம் மூக்கு மேலதான் கேஸ் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அடி வாங்கியவனும் தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன மழைக்கோட்டின் முதுகு இன்னும் என் கண்ணிலேயே நின்றது. வழவழவென்று, பெரிதாக, ஒன்றும் எழுதாத முதுகு. ஏட்டம்மாவாக இருந்தால் அங்கேயும் தம் பெயரை எழுதியிருப்பார் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில், என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் வந்தது; அதை விட்டுவிட்டேன்.

என்ன செய்யப் போகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஏட்டம்மா.

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதட்டுமா என்று போனில் கேட்டதற்கு, "என் பேரை நான் சொன்னா அது பொறுப்பு, நீ சொன்னா அது போஸ்டர்" என்றார். தூத்துக்குடியில் தம் பெயரை அவர் அளவுக்கு ஊருக்குச் சொன்னவர் யாரும் இருக்க முடியாது. அப்படிப்பட்டவரைப் பெயரில்லாமல் எழுத நேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

இன்ஜினியரிங் முடித்து, துறைமுக ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் வேலைக்குச் சேர்ந்த காலம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் போய் வர முடியாது என்று, தூத்துக்குடியில் சித்தி வீட்டு மாடியில் இருந்தேன். ஒருநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. சித்தி திறந்தாள். குள்ளமாக, கட்டுமஸ்தாக, கொண்டை வலைக்குள் கொண்டையை இறுக்கித் திணித்துக்கொண்டு, காக்கியில் ஒரு பெண். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரே மூச்சில் தம் பெயரைச் சொன்னார், போலீஸ் நம்பரைச் சொன்னார், எந்த ஸ்டேஷன் என்றும், பதவி ஏட்டு என்றும் சொன்னார். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு, "அவ நல்ல பிள்ளைங்க, ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டா" என்றாள். என்னைத்தான் கைதுசெய்ய வந்திருக்கிறார்களாம்!

"கீழ் வீட்டுக்குக் குடி வந்திருக்கேன்ம்மா. தண்ணி மோட்டாரு எப்பப் போடுவீங்கன்னு கேக்க வந்தேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஏட்டம்மா.

காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடமும் அப்படித்தான் சொல்வார். தவறான நம்பர் என்று போனை வைக்கப் போகிறவரிடமும் சொல்வார். மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில், ஒரு பெண்ணின் கைப்பைக்குள் விரலை விட்ட ஒருவனை என் கண்ணெதிரிலேயே பிடித்தார். பிடிப்பதற்கு முன்னால், அவன் காதருகே போய்ப் பெயரும் நம்பரும் சொல்ல ஆரம்பித்தார். அவன் சலித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினான்.

"தெரியும் ஏட்டம்மா. போன வருசமே சொன்னீங்கல்லா."

"போன வருசம் சொன்னது போன வருசத்துக்குலே. இது இந்த வருசத்துக்கு."

எனக்குப் பொறுக்காமல் அன்று கேட்டேன். "நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஓடிப் போயிட்டான்னா?"

"ஓடட்டுமே. துரத்திட்டுப் போனாப் போச்சு. கையைப் பிடிக்கதுக்கு முன்னால சொன்னாத்தான் தாயி அது அறிமுகம். பிடிச்ச பெறகு சொன்னா மெரட்டல்."

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு ஊர் அவருக்கு. வயது வந்த பிறகுதான் கடலையே பார்த்திருக்கிறார். இத்தனை வருஷம் துறைமுக ஊரில் வேலை பார்த்தும் காலை நனைக்க மாட்டார். "அது பாட்டுக்கு அங்கன கெடக்கட்டும், நான் பாட்டுக்கு இங்கன நிக்கேன்" என்பார். ஆனால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பந்தோபஸ்து போட்டால் குஷியாகிவிடுவார். காரணம் மீன் இல்லை. படகுகளில் எழுதியிருக்கும் பெயர்கள். விசைப்படகோ, சின்ன நாட்டு வள்ளமோ, எதுவானாலும் முகப்பில் பெரிய எழுத்தில் பெயரும் நம்பரும் இருக்கவேண்டும். பெயிண்டர்கள் அதை வெறுமனே எழுதமாட்டார்கள். மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பில் நிழல் கொடுத்து, ஓரத்தில் ஒரு நட்சத்திரமும் வைப்பார்கள். ஏட்டம்மா ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டே நடப்பார், பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி.

ஒருநாள் ஸ்டேஷனுக்குப் புதிய கவச உடைகள் வந்தன. கலவரம் என்றால் சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் தடித்த கருப்புக் கவசம். ஏட்டம்மா அதற்கு வைத்த பெயர் ஆமை ஓடு. கல் விழுந்தாலும் வலிக்காது. ஆனால் அதை மாட்டியதும் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டை உள்ளே போய்விடும். ஹெல்மெட்டும் போட்டுவிட்டால் முகமும் போய்விடும். ஏட்டம்மா அதை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தாராம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். என் ஸ்கூட்டரில், பின்னால் உட்கார்ந்து, ஆமை ஓட்டை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

பெயிண்டர் அண்ணாச்சி ஒரு படகின் அடியில் குந்தியிருந்தார்.

"எந்தப் போட்டுக்கு ஏட்டம்மா?" என்றார், எந்தப் படகுக்கு எழுதவேண்டும் என்று.

"இந்தப் போட்டுக்குத்தான்" என்று தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் ஏட்டம்மா.

அவர் ஆமை ஓட்டைத் தூக்கிப் பார்த்தார், ஏட்டம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியளா?"

"கடல்ல போற போட்டு இன்னொரு போட்டை இடிச்சுட்டுப் போனா, எந்தப் போட்டுன்னு சொல்லணும்லா? அதுக்குத்தான பேரு எழுதுதீக? கரையில கம்பு பிடிச்சு நிக்கவளுக்கு மட்டும் வேண்டாமா? முன்னாலயும் எழுதுங்க, பின்னாலயும் எழுதுங்க. தூரத்துல இருந்து தெரியணும்."

அண்ணாச்சி எழுதினார். தொழில் சுத்தமான ஆள். மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழலும் கொடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று ஏட்டம்மா சொல்லச் சொல்ல, ஓரத்தில் நட்சத்திரமும் வைத்துவிட்டார்.

ஸ்டேஷனில் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டம்மா, டீசல் அடிச்சாச்சா?" என்பார் ஒருவர். "ஐஸ் ஏத்தியாச்சு, வலைதான் பாக்கி" என்பார் இன்னொருவர். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ரூலில் இருக்கிறதா என்று கேட்டார். "பேரு வெளிய தெரியணும்னு இருக்கு ஐயா. எப்படித் தெரியணும்னு இல்ல" என்றாராம் இவர். 

வீட்டுக்கு வந்து இந்தக் கேலிகளையெல்லாம் எங்களிடம் அவரே நடித்துக் காட்டுவார். சித்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். எனக்கும் சிரிப்புதான். அந்த மஞ்சள் எழுத்து என்ன விலை கேட்கும் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் நாட்டு வள்ளத்துக்காரர்கள் துறைமுக ரோட்டை மறித்தார்கள். விசைப்படகுகள் கரைக்குப் பக்கத்தில் வந்து வலைகளை அறுத்துப் போடுகின்றன என்பது அவர்களுடைய பல நாள் ஆத்திரம். எங்கள் ஆபீஸ் முதல் மாடியில். ஜன்னலுக்கு நேர் கீழே கூட்டம்; கூட்டத்துக்கு எதிரே ஆமை ஓடுகளின் வரிசை. நடுவில் ஏட்டம்மா. மற்றவர்கள் எல்லாம் ஒரே அச்சு; அவர் மட்டும் பெயரெழுதிய படகு. வழக்கம்போல் முன்னால் ஓரடி வந்து, கூட்டத்துக்குத் தம் பெயரையும் நம்பரையும் சொன்னார். கூட்டத்திலிருந்து, "வாசிச்சாச்சு ஏட்டம்மா!" என்று ஒரு குரல். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே நீடித்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. அப்புறம் பல கற்கள். விசில். லத்திகள் இறங்கின.

மேலே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். புழுதிக்குள் மஞ்சள் எழுத்து இடதுபக்கமாகப் போனது. அங்கே ஒரு ஆளைக் குனிந்து தூக்கியது. அதே நேரத்தில், அதற்கு வலதுபக்கம் கொஞ்சம் தள்ளி, ஓர் இளைஞன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நின்றான். அவன் கையில் கல் இல்லை, கம்பு இல்லை. ஓர் ஆமை ஓடு அவனிடம் போய் நின்று அவன் முழங்கையில் அடித்தது. ஒரு தடவை இல்லை. அது யார் என்று எனக்குத் தெரியாது. அந்த முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவன் சங்கு குளிக்கிறவன். கடலடியில் மண்ணைத் துழாவிச் சங்கு பொறுக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். முழங்கை நொறுங்கிப்போயிருந்தது.

மறுநாள் ஊரெல்லாம் செல்போனில் ஒரு வீடியோ ஓடியது. புழுதி, அலறல், கருப்பு முதுகுகள். அத்தனை முதுகிலும் வாசிக்கக்கூடிய ஒரே முதுகு ஏட்டம்மாவுடையது. பையனின் தாய் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவருக்குப் புகார் எழுதிக்கொடுத்தவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தெரிந்த ஒரு பெயரை எழுதினார். இன்னார் என் மகன் கையை ஒடித்தார். நம்பரும் போட்டாயிற்று. அதையும் பெயிண்டர் அண்ணாச்சி அழகாகத்தானே எழுதியிருந்தார்!

மார்க்கெட்டில் ஏட்டம்மா போனால் மீன்காரிகள் கூடையைத் தார்ப்பாயால் மூடினார்கள். "உனக்கு இங்கன மீனு இல்ல" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். திரும்பி வந்து முட்டை வேகவைத்தார். "முட்டையாத் தின்னு தின்னு, கூவப் போறேன் தாயி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உரித்த முட்டை தட்டிலேயே இருந்தது. குற்றம் நிரூபணமானால் வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கூடையை மூடிய கையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசினார். "என் பேரைக் கேட்டா கதவைத் தொறக்கணும்னுதான சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மூடுதாவளே."

ஒரு மாலையில் இன்ஸ்பெக்டரே வீட்டுக்கு வந்தார். முற்றத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாடிப்படியில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் தாழ்ந்த குரலில் பேசுகிற ஆள் இல்லை.

"யாரையும் தொடலன்னு எழுதிக் குடுத்திருங்க ஏட்டம்மா. மத்தவங்களும் அதையே சொல்லிருவாங்க. முடிஞ்சு போச்சு."

"நான் ஒருத்தரைத் தொட்டேனே ஐயா. கால்ல ஒண்ணு போட்டேன்."

"அவர்தான் புகார் குடுக்கலையே?"

"குடுக்காட்டி, அடி இல்லன்னு ஆயிருமா?"

"இந்தக் கேஸுல போய் நானும் அடிச்சேன்னு சொன்னா, எல்லாத்தையும் உங்க தலையில கட்டிருவாங்க. புரியுதா இல்லையா?"

"புரியுது ஐயா. காப்பியைக் குடிங்க, ஆறுது."

அவர் போன பிறகு நான் படியிறங்கிச் சண்டை போட்டேன். "உண்மைக்குன்னே பொறந்தவங்க மாதிரி பேசாதீங்க. மாட்டப் போறது நீங்கதான்" என்றேன். ஏட்டம்மா காப்பித் தம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஏளா, பேரை முதுகுல எழுதிட்டு வாயால மறைக்கச் சொல்லுதியா?" என்று கேட்டார். எப்போதும் தாயி என்கிறவர், ஏளா என்று என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

விசாரணைக்கு நானும் போனேன், ஜன்னலிலிருந்து பார்த்தவள் என்று. "இவங்க அடிக்கல" என்றேன். "அப்ப யாரு?" என்றார் அதிகாரி. "தெரியல சார்" என்றேன். படித்த வாய், வேறொன்றும் வரவில்லை. அந்தத் தாயும் மகனும் பெஞ்சில் இருந்தார்கள். அவன் கையில் மாவுக்கட்டு. நான் போலீஸுக்குச் சாதகமாகப் பேச வந்தவள் என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

ஏட்டம்மா எழுந்தார். பெயர், நம்பர், ஸ்டேஷன். அப்புறம் சொன்னார்: "நான் அன்னைக்கு ஒருத்தரை அடிச்சேன். கல்லைத் தலைக்கு மேல தூக்கியிருந்தார். எனக்கு முன்னால நின்ன பொம்பளைப் போலீஸ் பிள்ளைக்கு ஹெல்மெட் கழண்டு கெடந்துச்சு. முழங்காலுக்குக் கீழ ஒரு அடி போட்டேன். விழுந்ததும் நானே தூக்கி விட்டேன். அது தப்புன்னா எழுதிக்கிடுங்க. இந்தத் தம்பியை நான் அடிக்கல."

 எழுதுகிற கிளார்க்கே நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்தது வள்ளத்துக்காரர்கள் தரப்புச் சாட்சி. போலீஸ் அடித்தது உண்மை என்று காட்டுவதற்காக அவர்களே கூட்டிவந்த, ஆஜானுபாகுவான மனிதர். கொஞ்சம் நொண்டிக்கொண்டே வந்தார். வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்கால் தழும்பைக் காட்டினார்.

"அடிச்சது யாரு?" என்றார் அதிகாரி.

அவர் நேராக ஏட்டம்மாவைக் காட்டினார். "இவியதான். நான் கல்லைத் தூக்குனதும் நெசம். அதையும் எழுதிக்கிடுங்க, ஏட்டம்மாவே சொல்லிட்டாவ, நான் மறைச்சா நல்லாருக்காது. கீழ விழுந்து நிமுந்து பாத்தா நெஞ்சுல மஞ்ச எழுத்து. எழுத்துக்கூட்டி வாசிச்சேன். எந்திரிச்சு ஓடுங்கன்னு கையைப் பிடிச்சுத் தூக்குனாவ. அந்நேரந்தான் அந்தால இந்தப் பய அம்மான்னு கத்துதான். என்னையப் பிடிச்சிருந்த கை, அங்கன எப்படி அடிக்கும்? அவ்வளவு நீளக் கையா?"

இதைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். ஏட்டம்மா யாரை அடித்தாரோ, அவர்தான் ஏட்டம்மாவுக்குச் சாட்சி. தாம் கொடுத்த அடியை ஏட்டம்மா மறைத்திருந்தால் அந்த மனிதரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிகாரி, "அப்ப அடிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.  ஏட்டம்மா, "நான் பாக்கல. என் வலது பக்கம் வரிசையில நின்னவங்க பேரு சொல்லுதேன்" என்றார், சொன்னார். கூட வேலை பார்க்கிறவர்கள். டீசல் அடிச்சாச்சா என்று கேட்டவர்களும் அதில் உண்டு. அவர்கள் ஒவ்வொருவரும் நான் இல்லை என்றார்கள். ஹெல்மெட், ஆமை ஓடு, புழுதி. யார் என்று கண்டறிய இயலவில்லை என்று விசாரணை முடிந்தது. அதன் பிறகு ஸ்டேஷனில் ஏட்டம்மாவை யாரும் கேலி செய்யவில்லை. யாரும் பேசவே இல்லை. டீ வந்தால் அவர் தம்ளர் மட்டும் வராது.

ஒரு வாரம் கழித்து அந்தத் தாய் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வந்தார். மீன்கூடை இல்லாமல், வெறுங்கையோடு. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"எம்மா, ஒங்க பேரு மட்டுந்தான் எழுதியிருந்துச்சு. வாசிக்க முடிஞ்சதைத்தான எழுதுவோம்?"

"அதுக்குத்தான் எழுதுனேன்" என்றார் ஏட்டம்மா.

"அப்பம் என் பிள்ள கைய ஒடிச்சவன் யாரு?"

"தெரிஞ்சா ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

"தெரியாதுன்னு சொல்லதுக்கா போலீஸு?"

ஏட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார்.  அந்த அம்மாள் கொஞ்சநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "மார்க்கெட்டுக்கு வாங்க. மூட மாட்டாளுவ, சொல்லிட்டேன்" என்றார், போய்விட்டார்.

அடுத்து வந்தது மெமோ. அனுமதி இல்லாமல் அரசு உடைமையில் பெயிண்ட் அடித்த குற்றம்! எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தத் தாளைக் கிழித்தே போட்டிருப்பேன். ஏட்டம்மா அமைதியாக டர்பெண்டைன் வாங்கிவந்து, மொட்டைமாடியில் ஆமை ஓட்டை விரித்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர் கரைந்து மஞ்சள் சேறாக வழிந்தது. அப்போதுதான், தேய்ப்பதை நிறுத்தாமல், அவர் தம் ஐயாவை, அதாவது அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

ஐயா கரிமூட்டம் போடுகிறவர், விறகை மூடி எரித்துக் கரியாக்குகிற தொழில். ஏட்டம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மூட்டையோடு ரோட்டில் வந்தவரை ஒரு போலீஸ்காரர் எதற்கோ அடித்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு ஸ்டேஷனுக்குப் போய் முறையிட்டாராம். "யாரு அடிச்சது, பேரு சொல்லு" என்றார்களாம் அங்கே.

"ஐயாவுக்குப் பேரு தெரியல. மீசையைச் சொன்னாரு. நடையைச் சொன்னாரு. சாகுத வரைக்கும் அந்த மீசையைத்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. மீசையை வச்சுக்கிட்டு யாரைப் போய்ப் பிடிக்க?"

பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, "அதுக்காகப் போலீஸுக்கு வரல தாயி. சம்பளம் வரும்னுதான் வந்தேன். வந்த பெறகு மீசை ஞாபகம் வந்துட்டு" என்றார்.

எவ்வளவு தேய்த்தும் நட்சத்திரம் மட்டும் போகவில்லை. "கெடக்கட்டும், மெமோவுல நட்சத்திரத்தைப் பத்தி இல்ல" என்றார்.

கொஞ்ச நாளில் வேறு மாவட்டத்துக்கு மாற்றல். நானும் கப்பல் ஏஜென்சியை விட்டுவிட்டு, சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். ஏன் சட்டம் என்று ஊரில் கேட்டார்கள். "தெரியல சார்" என்று ஒரு பதில் சொன்னேனே, அதற்குத்தான்.

புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்ட அன்றைக்கு ராத்திரியே ஏட்டம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரே மூச்சில் கொட்டினேன். பந்தோபஸ்துக்கு நிற்கிற ஒவ்வொரு போலீஸும் கடைசியாக எதை மாட்டுகிறாரோ, அதன் மேல் பெயர் இருக்கவேண்டும். கவசமோ, மழைக்கோட்டோ, எதுவானாலும். முன்னாலும் பின்னாலும். படகு எழுத்து அளவுக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்தில் மனு. வெறும் தாளாகக் கொடுத்தால் மேசையில் தூங்கும். ஒரு மழைக்கோட்டில் எழுதிக்கொண்டு போய் விரித்தே காட்டிவிட வேண்டும். அந்த மீன்காரத் தாயிடம் பேசிவிட்டேன். அவர் வருகிறார். மகனும் வருகிறான். அவனால் இன்னும் முழங்கையை நீட்ட முடியவில்லை. மற்றவர்கள் கடலுக்குள் இறங்க, வள்ளத்தில் உட்கார்ந்து கயிறு பிடிக்கிறான்.

 

"நான் ஒருத்தி எழுதுனேன், மாட்டுனேன்" என்றார் ஏட்டம்மா. "அடிச்சவனுக்கு அது வசதியாப் போச்சு. அதைத்தான் இத்தனை நாளா நெனைச்சுக்கிட்டு இருக்கேன் தாயி. எல்லார் முதுகுலயும் எழுதணும்னு கேளு. ஒருத்தரை விட்டாலும் எழுதுனவன்தான் மாட்டுவான். அதை மனுவுல முதல்ல போடு."

"போடுறேன்."

"அது சரி, அங்க போய் முதல்ல என்ன சொல்லுவ?"

"விஷயத்தைத்தான்."

"மண்ணாங்கட்டி. முதல்ல பேரைச் சொல்லு."

நேற்று மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். பெயிண்டர் அண்ணாச்சி அதே மாதிரி ஒரு படகின் அடியில் குந்தியிருந்தார். மழைக்கோட்டை விரித்துத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது ரப்பருல்லா. பெயிண்டு நிக்காது. உப்புத்தாளு வச்சு ஒரசிட்டு எழுதிப் பாப்போம். என்ன பேரு எழுத? ஏட்டம்மா பேருதான?"

"இல்ல அண்ணாச்சி."

"பெறவு?"

அதிகாரிகள் திங்கட்கிழமை கேட்பார்கள்: யார் சொல்லிக் கொடுத்தது, எந்தக் கட்சி, எந்தச் சங்கம்? மாற்றலாகிப் போன ஏட்டம்மாவை மறுபடி இழுப்பார்கள். ஒரே ஒரு பெயர் தெரிந்தால் அதைத்தான் பிடிப்பார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். என் பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எழுத்தை மனதுக்குள் அளந்துகொண்டு, முதுகின் நடுவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

"நட்சத்திரம்?"

"வைங்க."

இன்றைக்குக் காலையில் பார்த்தேன். மஞ்சள் பிடித்திருக்கிறது, சிவப்பு நிழல் ஒரு ஓரத்தில் உரிகிறது. அண்ணாச்சி இன்னொரு தடவை பூசிப் பார்க்கிறேன் என்கிறார். வெயில் வந்தால் நாளைக்குள் காய்ந்துவிடும். வராவிட்டால் ஈரத்தோடே போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான். எப்படியும் திங்கட்கிழமை மழை என்றுதான் சொல்கிறார்கள்.